சம்பந்தி ஊட்டு மார்பிள்

அந்தக் கண்ணாடியைக் கைக்குட்டையில தொடைக்காதீங்க தம்பி. தொடைச்சா அழுக்கு இந்த மூலையிலருந்து அந்த மூலைக்குக் குடிபோகும், அவ்வளவுதான். அது தூசி இல்லீங்க, உப்பு. போர்த் தண்ணியில பஸ்ஸைக் கழுவி வெயில்ல நிறுத்திப் போடறாங்க. தண்ணி காஞ்சு போயிரும், உப்பு உக்காந்துக்கும். இதுக்கு ஒரே மருந்து வினிகர்தான். பாதி வினிகர், பாதி தண்ணி, தொடைக்க ஒரு பழைய பேப்பர். முடிஞ்சுது சோலி. வெளிய வயல்ல கொக்கு நின்னா அதோட கண்ணு தெரியும்.

இல்லீங்க, நான் விக்கறவன் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க. கண்டக்டர்கூட பையைப் பாத்துட்டு, "என்ன பெரியவரே, கேன்ல சரக்குங்களா?"ன்னு கேட்டாரு. மோந்து பாருங்கன்னு தொறந்து காட்டுனேன். அதுக்கப்புறம் மனுசன் இந்தப் பக்கமே வரலை.

என்ற பேரு அர்த்தநாரி. திருச்செங்கோடு. சர்க்கார் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க எங்க எறங்கறீங்க? வெள்ளகோவிலா? நானும் அங்கதானுங்க. அப்பச் செரி, சாவகாசமாவே பேசிட்டுப் போலாம்.

ரிட்டயர் ஆனவன் பொழப்பு உங்களுக்குத் தெரியாது, அந்த வயசில்லை. காலையில எந்திரிச்சு, குளிச்சு, சட்டை போட்டு, எங்கயும் போகாம உக்காந்திருக்கோணும். என்ற சம்சாரம் லோகாம்பாள் கூட்டும்போது காலைத் தூக்கச் சொல்லுவா. தூக்குவேன். அந்தப் பக்கம் போயி உக்காந்தா அங்கயும் கூட்டிக்கிட்டு வருவா. அத்தனை வருசம் ஆபீஸ்ல நான் உள்ள வந்தா நாலு பேரு எந்திரிப்பாங்க. ஊட்டுல சீமாறு வந்தா நான் எந்திரிக்கோணும். எப்படியிருக்கும் சொல்லுங்க.

அப்பத்தான் என்ற பொண்ணு இந்துமதி பிரசவத்துக்கு வந்திருந்தா. காலிபிளவரை என்னமோ பொரிச்சுத் திங்கறதுக்குன்னு ஒரு வினிகர் பாட்டல் வாங்குனா. அது அடுப்பு மேடையில நின்னுது. எங்க ஊட்டுக் குழாயெல்லாம் உப்புப் பிடிச்சு, சுண்ணாம்புல செஞ்ச குழாயாட்டம் இருக்கும். என்ன தோணுச்சோ, துணியில ரெண்டு சொட்டு விட்டுக் குழாய்ல சுத்தி வெச்சேன். பேப்பர் படிச்சு முடிச்சுட்டு வந்து அவுத்துப் பாக்கறேன்... தம்பி, அதுல என்ற மூஞ்சி தெரியுது! மூக்கு மட்டும் சித்தப் பெருசா, ஆனா என்ற மூஞ்சிதான்.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நான் எத்தனை ஃபைல் பாத்திருக்கறேன். எத்தனை நோட் போட்டிருக்கறேன். ஒண்ணாவது பளபளன்னு ஆச்சுங்களா? நான் கைய வெச்சு ஒண்ணு நல்லா ஆச்சுன்னு கண்ணால பாத்தது அந்தக் குழாயைத்தான். லோகு, லோகு, இங்க வந்து பாருன்னு கத்தறேன். அவளும் வந்து பாத்தா. "ம். சோறு ஆறுது"ன்னா. அசந்து போயிட்டா.

அப்பறம் நிறுத்தவே இல்லீங்க. குழாய், வாளி, கண்ணாடி, ஃபிரிட்ஜு, ஜன்னல் கம்பி, மின்விசிறி. சுவத்துல இருந்த எங்க கல்யாண போட்டோவைத் தொடைச்சேன். அதுல தண்ணி எறங்கி லோகு மூஞ்சி சித்தே கலைஞ்சு போச்சு. என்ற மூஞ்சி ஜம்முனு இருக்குது. பால் குண்டாவைக் கழுவி வெச்சேன், மக்யா நாள் விடிஞ்சு பாத்தா பால் திரிஞ்சு போச்சு. "இது பன்னீரு, கடையில போயி வாங்கிப் பாரு தெரியும்"னேன். ஊட்டுக்குள்ள வாசம் இருக்கும்தான், இல்லைங்கலை. ஆனா அது சுத்தத்தோட வாசம். லோகு சொல்லுவா, "ஊறுகாய் ஜாடிக்குள்ள குடித்தனம் பண்றேன்"னு. வெளையாட்டாச் சொல்லுவா. அப்பத்துலருந்து அவளுக்கு பக்தியும் ரொம்ப ஜாஸ்தியாயிருச்சு. காலையில கோயிலுக்குப் போனா மத்தியானம்தான் வருவா. பிரதோசம், கிருத்திகை, சஷ்டி, ஒண்ணு விடறதில்லை. ஊடு சுத்தமா இருந்தா சாமி நெனைப்பு தானா வரும்னு சொல்றது சும்மா இல்லீங்க.

நான் சொல்ல வந்தது அது இல்லை. காங்கயத்துச் சம்பந்தி கதை. எல்லாரும் என்னைத்தான் குத்தம் சொல்றாங்க. நீங்க மூணாம் மனுசன், நடந்ததைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என்ற பொண்ணைக் குடுத்த எடம் காங்கயம். சம்பந்தி பேரு சென்னியப்பன், தேங்காயைப் பருப்பாக் காயப்போடற களம் வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன். ஒரே ஒரு ஊடு கட்டுனாரு, அதுல ஒரே ஒரு ஹாலு. அந்த ஹாலுக்கு மார்பிள் எடுக்க ராஜஸ்தானுக்கே போனாரு. கல்லைத் தட்டிப் பாத்து, தடவிப் பாத்து, லாரி கூடவே வந்தாராம். பால் மாதிரி வெளுப்பு. உள்ள போனா கண்ணு கூசும். ஊட்டுக்கு வர்றவியளை "வாங்க"ன்னு கேக்க மாட்டாரு. "தரையைப் பாத்தீங்களா?"ன்னுதான் கேப்பாரு.

அந்தத் தரைக்குச் சட்டம் இருக்குதுங்க. ஈரக் காலோட மிதிக்கப்படாது. எண்ணெய் தேச்ச தலையோட சாயப்படாது. சோத்துத் தட்டு உள்ள வரப்படாது. சம்பந்தியம்மா பாவாயி இருக்காங்களே, அந்தம்மா முன்ரூமுக்கு வரோணும்னா சமையல்கட்டுலருந்து வெளிய எறங்கி, ஊட்டைச் சுத்தி, வாசல் வழியா வருவாங்க. கோயில்ல குடுக்கற எலுமிச்சம்பழத்தைக்கூட ஹாலுக்குள்ள கொண்டு வரக்கூடாது, பின்பக்கமாத்தான் கொண்டு போகோணும். ஏன்னு நான் கேக்கலை. ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒவ்வொரு ஐதீகம். எனக்கு அவரு மேல மரியாதைதான் கூடுச்சு. சுத்தத்துக்காக இத்தனை சட்டம் போடற மனுசன் எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருந்திருந்தா நாடு எங்கயோ போயிருக்கும்.

இந்துமதிக்குப் பெண்கொழந்தை பொறந்துச்சு. மாசம் முடிஞ்சு, கொழந்தையைத் தூக்கிக்கிட்டு புருசன் ஊட்டுக்குப் போறா. நாங்களும் கூடப் போனோம். வாசல்ல ஆரத்தி. சம்பந்தியம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கித் தட்டுல கொண்டு வந்தாங்க. சுத்துனாங்க, பொட்டு வெச்சாங்க. இவ உள்ள காலெடுத்து வெக்கறா, முந்தானை தட்டுல மாட்டிக்கிச்சு. தட்டு சாஞ்சு, ஆரத்தித் தண்ணி பூரா ஹாலுக்குள்ள கொட்டிப் போச்சு. செக்கச் செவேல்னு. சென்னியப்பன் முதல் பேத்தியை முதல் தடவை ஊட்டு வாசல்ல பாக்கறாரு. வாயில வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமுங்களா? "அய்யோ, தரை!"

தொடைச்சாங்க. தேய்ச்சாங்க. பெரும்பகுதி போயிருச்சு. ஆனா ஒரு எடத்துல மாங்கா அளவுக்குக் கறை நின்னு போச்சு. அந்த மனுசன் திட்டுனா பரவால்லீங்க. திட்டலை. ஒரு பித்தளைக் குண்டாவுல பிளாஸ்டிக் பூ வெச்சு அது மேல வெச்சுட்டாரு. ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தா குண்டாவை நகத்திக் காட்டுவாரு. "மருமவ வந்த அன்னைக்குக் கொட்டுனது"ம்பாரு. மறுபடி நகத்தி மூடி வெப்பாரு. பால்காரன் வந்தாலும் காட்டுவாரு, கரண்ட் பில் எடுக்க வந்தாலும் காட்டுவாரு. மாப்பிள்ளை அப்பனுக்கு முன்னால வாயே தொறக்க மாட்டாரு. தங்கமான பையன், ஆனா வாய் இல்லை.

கொழந்தை தவழற வயசு வர்ற வரைக்கும் இதே கதைதான். என்ற பொண்ணு போன் பண்ணி அழுவுறா. "அப்பா, நான் இந்த ஊட்டுக்கு மருமவளா வரலைப்பா. கறையா வந்திருக்கறேன்"னா. கொழந்தையைத் தரையில விடறதுக்கு எடமில்லை, சமையல்கட்டுல பாயைப் போட்டு, அதுலயே அதைத் தவழ விடறாளாம். அதைக் கேட்டப்பறம் எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலை. லோகு பூஜை ரூம்புல போயி உக்காந்துக்கிட்டா. நான் உக்காரலை. ரெண்டு கேன் வினிகர் வாங்கிட்டு காங்கயத்துக்குப் பஸ் ஏறிட்டேன். லோகுவும் கூடத்தான் வந்தா. "ஏனுங்க, அங்க போயி இதையெல்லாம் தொறக்காதீங்க"ன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. பஸ்ஸுல கொட்டிருமோன்னு பயம் அவளுக்கு.

நாங்க போன மக்யா நாளு எல்லாரும் சிவன்மலைக்குக் கெளம்புனாங்க. கொழந்தைக்கு அங்க வெச்சு மொட்டை. நான் முழங்கால் வலின்னுட்டேன். மலைக்குப் படியேற முடியாதுன்னுட்டேன். சம்பந்தியம்மா, சமையல் இருக்குது, நான் ஊட்டுல இருந்து பாத்துக்கறேன்னு நின்னுக்கிட்டாங்க. கார் தெரு திரும்புனதும் நான் கேனை எடுத்துட்டு ஹாலுக்கு வந்துட்டேன். குண்டாவை நகத்தி வெச்சேன். சம்பந்தியம்மா வாசல் வழியாச் சுத்திக்கிட்டு வந்து நிலைப்படியிலயே நின்னாங்க.

"அண்ணா, என்னங்க பண்றீங்க?"

"தங்கச்சி, இந்தக் கறையை இன்னைக்கு ஒழிச்சுப் போடறேன்."

"எதுலீங்க?"

"வினிகர்."

"அப்படின்னா?"

"புளிப்புங்க. சுத்தமான புளிப்பு."

"எலுமிச்சம்பழமாட்டவா?"

"எலுமிச்சம்பழமெல்லாம் இதுக்கு முன்னால பச்சக் கொழந்தைங்க தங்கச்சி. இது அதுக்கு அப்பன்."

அந்தம்மா தரையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. கேனைப் பாத்தாங்க. மறுபடியும் தரையைப் பாத்தாங்க. ஒரு நல்லது நடக்கும்போது சில பேருக்கு அப்படித்தான் நம்பிக்கை வராது. அப்பறம் மெதுவா, "கறை இருக்கற எடத்துல மட்டும் ஊத்துனா, அது மட்டும் தனியாத் தெரியாதுங்களா அண்ணா?"ன்னாங்க.

பாருங்க. எத்தனை கூர்மையான கேள்வி. எனக்கே தோணலை.

"ஆமாங்க, தெரியும்."

"அப்ப பூராத்துக்கும் ஊத்திருங்க. இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும். நான் வாளி கொண்டாறேன்."

வாளி மட்டுமில்லை, ஈரச் சாக்கு, தேய்க்கற நாரு, எல்லாம் கொண்டு வந்தாங்க. நான் தண்ணி கலக்கப் போனேன். "தண்ணி எதுக்குங்கண்ணா, சும்மாவே ஊத்துங்க, மெனக்கெட்டு வந்திருக்கறீங்க"ன்னாங்க. அந்த மாதிரி ஒரு ஊக்கம் என்ற சம்சாரம் எனக்கு ஒரு நாளும் குடுத்ததில்லை. ஊத்துனேன் தம்பி. ஊத்துன ஒடனே தரையிலருந்து சின்னச் சின்னதா நுரை கெளம்புது. சோடா பாட்டலைத் தொறந்தாப்புல ஒரு சத்தம். "பாத்தீங்களா தங்கச்சி, அழுக்கு கதறுது!"ன்னேன். "கதறட்டுங்கண்ணா"ன்னாங்க. ஊறட்டும்னு ரெண்டு பேரும் பின்னால போயி காப்பி குடிச்சோம். அந்தம்மா அன்னைக்கு அவ்வளவு சந்தோசமாப் பேசுனாங்க. தான் பொறந்த ஊரு, அங்க சாணி போட்டு மொழுகுன தரை, அதுல படுத்துக்கிட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுனது, எல்லாம் சொன்னாங்க. இன்னொரு காப்பி குடுத்தாங்க. "ஊறட்டுங்கண்ணா, ஊறட்டும்"னு நாலு தடவை சொன்னாங்க.

வந்து தேய்ச்சேன். கறை போச்சு. சத்தியமாப் போச்சு. செவப்பு மஞ்சளாச்சு, மஞ்சள் வெளுத்துச்சு, அப்பறம் காணோம். எனக்குக் கண்ணுல தண்ணி. என்ற பொண்ணு மேல இருந்த பழி அது. அதை என்ற கையால கழுவிட்டேன். நல்ல தண்ணி விட்டு அலசி, மின்விசிறியைப் போட்டு விட்டேன்.

காஞ்சுதுங்க.

காயக் காயத்தான் பாக்கறேன், தரையில ஜன்னல் தெரியலை. எப்பவும் வாசல்ல போற நாய்கூட அந்தத் தரையில தெரியும். இப்ப எதுவுமே தெரியலை. பால் வெளுப்பு போயி, பச்சரிசி மாவு கொட்டுன மாதிரி வெளுத்துக் கெடக்குது. காலை வெச்சா சொரசொரங்குது. மறுபடி தொடைச்சேன். மறுபடியும் அப்படியே. "தங்கச்சி, என்னமோ ஆயிப்போச்சுங்க"ன்னேன். அந்தம்மா செருப்பைக் கழட்டிட்டு, சமையல்கட்டு வாசல்லருந்து நேரா ஹாலுக்குள்ள நடந்து வந்தாங்க. வந்து நடு ஹால்ல நின்னு காலைத் தேச்சுத் தேச்சுப் பாத்தாங்க. "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னு சொல்லிட்டு, இலை அறுக்கோணும்னு தோட்டத்துக்குப் போயிட்டாங்க.

கார் வந்துச்சு. முதல்ல சென்னியப்பன் எறங்கி வர்றாரு. கையில பிரசாதம், நெத்தியில விபூதி. நிலைப்படியில வந்தாரு, நின்னுட்டாரு. பின்னால வந்த என்ற சம்சாரம் உள்ள எட்டிப் பாத்துட்டு, வாயில சேலைத் தலைப்பை வெச்சுக்கிட்டா. மாப்பிள்ளை கொழந்தையோட நிக்கறாரு. இந்துமதி மூஞ்சியில ரத்தமே இல்லை.

"யாருங்க?"ன்னாரு சென்னியப்பன்.

"நான்தானுங்க சம்பந்தி. கறையை எடுத்துட்டேன்"னேன்.

"என்னத்தப் போட்டீங்க?"

"வினிகருங்க."

"யோவ்! அது சுண்ணாம்புக் கல்லுய்யா! புளிப்புப் பட்டா அரிச்சுப் போடும்னு சின்னக் கொழந்தைக்குத் தெரியுமே! அதுக்குத்தானே ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட நான் உள்ள விடறதில்லை!"

அவரு என்னை யோவ்ங்கறாரு தம்பி. சம்பந்தியை. ஆனா அது அப்ப எனக்கு ஒறைக்கலை. நான் கேக்கறேன், இந்த விசயம் தெரிஞ்ச மனுசன் ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்க வேண்டாமுங்களா? சரி, எனக்குச் சொல்லலை. கட்டுன சம்சாரத்துக்காவது சொல்லியிருக்கோணுமில்ல? பாவம், அந்தம்மாவுக்கும் ஒண்ணும் தெரியலை. தெரிஞ்சிருந்தா என்னைத் தடுத்திருக்க மாட்டாங்களா?

அவரு சத்தம் போட்டாருங்க. ராஜஸ்தான்ங்கறாரு, லாரிங்கறாரு, ஊரே வந்து பாத்த தரைங்கறாரு. கடைசியில இந்துமதி பக்கமாத் திரும்பி, "நீ மிச்சம் வெச்சதையும் உங்கொப்பன் முடிச்சுட்டாரு"ன்னாரு. அந்தப் புள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. ஆபீஸ்ல ஒரு நாளும் நான் மேலதிகாரியை எதுத்துப் பேசுனதில்லை. அன்னைக்குப் பேசிட்டேன். "சம்பந்தி, இங்க பாருங்க. அந்தக் கறை என்ற பொண்ணோடது. அது இப்ப இல்லை. இருக்கறது பூராவும் நான் பண்ணுனது. இனிமே யாராவது வந்தா குண்டாவை நகத்த வேண்டியதில்லை. எங்க வேணா கையைக் காட்டி, அர்த்தநாரி கெடுத்தான்னு சொல்லுங்க. ஆயுசுக்கும் சொல்லுங்க. ஆனா என்ற பொண்ணு பேரு அதுல வரப்படாது"ன்னேன். கையில இன்னும் அந்த நாரு இருக்குது.

சென்னியப்பன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஊடு கட்டுன நாள்லருந்து அந்தத் தரையில அவரு உக்காந்ததே இல்லையாம், அப்பறமா பொண்ணு சொன்னா. உள்ளங்கையில தடவறாரு. காய்ச்சல்காரக் கொழந்தை நெத்தியைத் தடவற மாதிரி. எனக்கே பாக்கச் சங்கடமாப் போச்சு.

அப்பத்தான் மாப்பிள்ளை ஒரு காரியம் பண்ணுனாரு. கொழந்தையைத் தரையில எறக்கி விட்டாரு. வேணும்னு விட்டாரா, கை தவறிப் போச்சான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. மொட்டைத் தலையில சந்தனம் பூசிக்கிட்டு அது பாக்குது. பாயில மட்டுமே இருந்த கொழந்தைங்க. இத்தனை எடத்தைப் பாத்ததும் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, அப்படியொரு சத்தம். குடுகுடுன்னு தவந்து போச்சு. சொரசொரப்பு நல்லாப் பிடி குடுக்குது. நேரா தாத்தா மடிக்குப் போயி, வேட்டியைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னுக்கிச்சு. நின்ன எடத்துலயே ஒண்ணுக்கும் போயிருச்சு.

சென்னியப்பன் "அய்யோ, த..."ன்னு ஆரம்பிச்சாரு. தரையைப் பாத்தாரு. பாதியிலயே நிறுத்திட்டாரு. காப்பாத்தறதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லையே. கொழந்தையைப் பாத்தாரு. அது அவரு மீசையைப் பிடிச்சு இழுத்துச்சு. "விடு கழுதை"ன்னாரு. ஆனா கையை எடுத்து விடலை.

அந்த நேரம் பாத்து சம்பந்தியம்மா வந்தாங்க. ஒரு சாக்கை எடுத்து ஈரத்தைத் தொடைச்சாங்க. அத்தனை பேருக்கும் வரிசையா இலை போட்டாங்க, ஹால்லயே. "உக்காருங்க, மலைக்குப் போயிட்டு வந்த பசி இருக்கும்"னாங்க. எலுமிச்சஞ்சோறு, வடை, பாயசம், எல்லாம் தயாரா இருந்துச்சு. எப்பச் செஞ்சாங்கன்னே தெரியலை. இப்படி ஒரு எழவு விழுந்த மாதிரி ஊடு இருக்கறப்பவும் விருந்துச் சமையல் பண்றதுன்னா, அது பெரிய மனசு தம்பி. வாயில்லாத மாப்பிள்ளை அன்னைக்கு மூணு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இந்துமதி சிரிச்சா. கல்யாணத்துக்கப்பறம் அந்த ஊட்டுல அவ சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். என்னத்துக்குச் சிரிச்சான்னுதான் வெளங்கலை. பரிமாறிக்கிட்டே சம்பந்தியம்மாவும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க, சிரிக்கறாங்க. அவ்வளவு பெரிய நட்டம் நடந்திருக்குது, சிரிப்பு வேற.

திரும்பி வரும்போது லோகு பஸ்ஸுல என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டா. "உங்க புளிச்ச தண்ணி இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணுச்சு"ன்னா. இன்னைக்குத்தானாம். அந்தக் குழாயை மறந்துட்டா பாருங்க.

ஆனா கெட்ட பேரு எனக்குத்தானே? காங்கயம் பூரா என்னை வினிகர் சம்பந்திங்கறாங்களாம். ஒரு கல்யாணத்துல சென்னியப்பன் என்னைப் பாத்துட்டு அடுத்த பந்திக்குப் போயிட்டாரு. மிஷின் வெச்சுத் தேய்ச்சா பழையபடி பளபளப்பு வந்துரும்னு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கறாரு. அந்த ஆளு வந்த அன்னைக்குப் பாத்து சம்பந்தியம்மா ஊட்டு நாயைக் கட்ட மறந்துட்டாங்க. இன்னொரு நாளு வந்தான். அன்னைக்கும் மறந்துட்டாங்க. வயசாகுதில்லீங்களா. அப்பறம் அவன் வரலை.

போன வாரம் பேத்தியைப் பாக்கப் போயிருந்தேன். ஹால்ல சென்னியப்பன் பனியனோட மல்லாக்கப் படுத்திருக்கறாரு, பேத்தி அவரு வயித்து மேல உக்காந்து சவாரி. பக்கத்துல பொரி, கடலை, செதறிக் கெடக்குது. சம்பந்தியம்மா நடுவுல உக்காந்து காலை நீட்டி வெங்காயம் உரிக்கறாங்க, டிவியில சீரியல் ஓடுது. என்னைக் கண்டதும் அவரு எந்திரிக்கப் பாத்தாரு. பேத்தி விடலை. படுத்துக்கிட்டே "வாங்க"ன்னாரு. வாங்கன்னுதான் கேட்டாரு, தரையைப் பாத்தீங்களான்னு கேக்கலை. நான் அவரு தலைமாட்டுல உக்காந்து கொஞ்சம் பொரி எடுத்துத் தின்னேன். ரெண்டு பேரும் மழையைப் பத்திப் பேசுனோம். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கறை போயிருச்சே. அதை ஒருத்தரும் நெனைச்சுப் பாக்க மாட்டேங்கறாங்களே, அதுதான் தம்பி என்ற ஆத்தாமை.

ஆனா உண்மையா வேலை பண்ணுனா ஒரு நாளைக்குத் தெரியாமப் போகாதுங்க. இப்ப எதுக்கு வெள்ளகோவில் போறேன்னு நெனைக்கறீங்க? சென்னியப்பனோட தம்பி அங்கதான் இருக்கறாரு. அண்ணன் போட்டாருன்னு அவரும் மார்பிள் போட்டிருக்கறாரு, அதைவிடப் பெருசா, மாடிப்படி வரைக்கும். அவரு சம்சாரம் மயிலாத்தாள் காங்கயத்துக்கு வந்து, அந்த ஹால்ல உக்காந்து ஒரு நாள் பூரா இருந்துட்டுப் போயிருக்கறாங்க. போகும்போது சம்பந்தியம்மாகிட்ட என்ற போன் நம்பரை வாங்கிட்டுப் போயிருக்கறாங்க.

நேத்து கூப்பிட்டாங்க. "அண்ணா, எங்க ஊட்டுலயும் நெறையக் கறைங்க. வந்து பாத்துத் தரோணும்"னாங்க.

"என்ன கறைங்க?"ன்னேன். எந்தக் கறைன்னு தெரிஞ்சாத்தானே எத்தனை ஊத்தறதுன்னு தெரியும்?

கொஞ்சம் யோசிச்சாங்க. "வந்து பாருங்கண்ணா, எப்படியும் இருக்கும்"னாங்க. "நாளைக்கு வாங்க. எங்க ஊட்டுக்காரங்க தேங்காய் ஏலத்துக்குப் போறாங்க, சாயந்தரம்தான் வருவாங்க. கேன் ரெண்டு போதாதுங்க, மாடிப்படியும் இருக்குது"ன்னாங்க.

இந்த மூணு கேனையும் பையில கட்டிக் குடுத்ததே லோகுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டா. "அவசரமில்லை, இருந்து நல்லா ஊறவெச்சுட்டே வாங்க, வேணும்னா ரெண்டு நாள் தங்கிட்டு வாங்க"ன்னா. பொறுப்பு வந்துருச்சு அவளுக்கு.

முத்தூர் தாண்டிட்டோமுங்களா? அப்ப வந்துருச்சு, நான் முன்னால போயி நிக்கறேன். அந்தப் பையைச் சித்த தூக்கிக் குடுங்க. மெதுவா, மெதுவா. மூடி சித்த லூசு.

மயிலாத்தாள் அம்மா ஒண்ணு சொன்னாங்க தம்பி, அதைச் சொல்லிட்டுப் போயிடறேன். "அண்ணா, முன்வாசல் வேண்டாம். ரெண்டு தெரு சுத்துனாலும் பரவால்லை, பின்னால கேட் வழியா வாங்க. யாராவது கேட்டா தேங்காய் பாக்க வந்தேன்னு சொல்லிருங்க"ன்னாங்க. பஸ்ஸுல வந்த காலோட முன்வாசல்ல ஏறுனா தரை அழுக்காயிருமில்லீங்களா? சுத்தத்து மேல இத்தனை கவனமா இருக்கற பொம்பளையை நான் வேற எங்கயும் பாத்ததில்லை.